கித்தாக் காட்டுக்கு ஒரு வரைபடம்

1881ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில், மழை வெளியே விடாத நாட்களில், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தன் மனைவியின் மகனை மகிழ்விக்க ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். குடாக்களுக்கும் குன்றுகளுக்கும் பெயர் வைத்தார். அந்தப் படத்திலிருந்து ‘டிரெஷர் ஐலண்ட்’ கிளம்பி வந்து 1883இல் நூலானது. உர்சுலா லெ குவினும் எர்த்சீ தீவுக்கூட்டத்தை முதலில் படமாகப் போட்டுவிட்டுத்தான் கதைக்குள் இறங்கினார். சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுதுகிறவர்கள் வரைபடத்தை இப்படிப் பிடித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. படம் என்று ஒன்று இருந்தால் எல்லை இருக்கும். எல்லை இருந்தால் அதைத் தாண்டக்கூடாது என்று சொல்ல ஒருவர் இருப்பார். தாண்டிப் பார்க்க ஒரு பிள்ளையும் இருக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் படத்தை யாரும் வரைந்து தர வேண்டியிருக்கவில்லை. நடக்கத் தொடங்கியதுமே அது காலில் ஏறிவிடும். மேட்டின் மேல் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே, மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற சமதரையில், லயங்கள். ஒரு பக்கம் பால் ஸ்டோர், அதன் புகைவாடை. மறுபக்கம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், ஒரே கூரையின்கீழ் எல்லா வகுப்பும் நடக்கிற பள்ளிக்கூடம். சுற்றிலும் நிரை நிரையாகக் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். நிரைகள் முடிகிற இடத்தில் அல்லூர் என்கிற வாய்க்கால். அல்லூருக்கு அந்தப் பக்கம் முனியாண்டி. அதற்கும் அப்பால் காடு, அல்லது ஈயம் தோண்டிய லம்பம், அல்லது மலாய்க் கம்பம், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு மலை. துரை வீட்டு வேலிக்குள் கால் வைக்கக்கூடாது. உச்சிப்பொழுதில் முனியாண்டி பக்கம் போகக்கூடாது. லம்பத்தில் இறங்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் சேருமுன்பே இந்தத் தடைகளெல்லாம் மனப்பாடம்.

கற்பனை உலகம் படைக்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்கும் அத்தனையும் அந்தத் தோட்டத்தில் தயாராக இருந்தன. தனிச் சட்டம், தனி நேரம், தனிக் காசுக் கணக்கு, தனித் தெய்வங்கள், படிப்படியான அதிகாரம். மண்டோருக்கு மேல் கங்காணி, கங்காணிக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் துரை, துரைக்கும் மேல் லண்டனில் கண்ணுக்கே தெரியாத கம்பெனி. வெளியில் இருந்து வருகிறவருக்குப் பாதி புரியாத ஒரு தமிழ். இத்தனை கச்சிதமாக மூடிய உலகத்தை எந்த எழுத்தாளராலும் உட்கார்ந்த இடத்தில் புனைந்துவிட முடியாது.

இந்த உலகத்தை நாம் பெரியவர்களுக்காகத் துயரமாக எழுதினோம். அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். இங்கேயே பிறந்தவர்கள் அதைவிடக் கசப்பாகவும் நெருக்கமாகவும் எழுதினார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு என்று வரும்போது அதே மண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு நீதிக்கதைக்குப் போய்விட்டோம். நேர்மையான விறகுவெட்டி, பேராசை பிடித்த வணிகன், ஒற்றுமையான புறாக்கள். தேர்வுக் கட்டுரைக்கு வசதியான கதைகள். தோட்டம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ‘நாங்கள் பட்ட கஷ்டம்’ என்ற ஒரே வடிவத்தில்தான். தாத்தா பட்ட கஷ்டத்தைக் கேட்டு வளர்கிற பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும், நன்றாகப் படிப்பதாக வாக்குக் கொடுக்கும். அந்த நிரைகளுக்குள் ஓடிப்போக வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. நான் கேட்பது அந்த ஓட்டத்தைத்தான். தோட்டம் பிள்ளைகள் புகுந்து திரியக்கூடிய ஒரு நாடாக எழுதப்பட வேண்டும்.

வாசிப்புக்கு நம்மிடம் பஞ்சம் இருந்ததில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா கப்பலேறி இங்கே வந்தது. வாண்டுமாமாவின் மந்திரக் கதைகள் வந்தன. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் வந்து, இரும்புக்கை மாயாவி லயத்துத் திண்ணைகளில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோனான். ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் எனிட் பிளைட்டனின் தீவுகளையும் சுரங்கங்களையும் கண்டார்கள். அந்த ஆசிரியர்கள் அனைவருக்கும் நான் கடன்பட்டவன். ஆனாலும் அவை எல்லாம் சேர்ந்து எங்கள் மனத்தில் ஒன்றை உறுதியாகப் பதியவைத்துவிட்டன: சாகசம் வேறெங்கோதான் நடக்கும். குகை என்றால் விந்திய மலையில். சுரங்கம் என்றால் கார்ன்வால் கடற்கரையில். ஈப்போவில் வளர்ந்த பிள்ளைகள் இப்படி நினைத்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஊரைச் சுற்றி எந்தத் திசையில் நிமிர்ந்தாலும் குகை. கல்லுமலை முருகன் முதலில் குடிகொண்டதே குனோங் சீரோவின் குகைக்குள்தான். கோப்பேங் பக்கம் குவா தெம்புரோங் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் மலைக்குள் நீண்டு கிடக்கிறது, உள்ளே ஆறு ஓடுகிறது. தம்பூன் மலைச்சரிவில் செம்மண் நிறத்தில் ஆதி மனிதர் வரைந்த ஓவியங்கள் இருப்பதை 1959இல் வெளியுலகம் அறிந்தது. அதில் ஓர் உருவத்தை ஆவுளியா என்கிறார்கள். கடல்பசு! கடலைவிட்டு இவ்வளவு தள்ளி, மலையின் நெற்றியில், கடல்பசு ஏன் வரையப்பட்டது? இந்தச் சுண்ணாம்பு மலைகளே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்தவை. பத்து வயதுப் பிள்ளையிடம் இந்த இரண்டு செய்திகளையும் கொடுத்துவிட்டு நாம் விலகி நின்றால் போதும்.

லெங்கோங் பள்ளத்தாக்கில் 1990களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்த ‘பேராக் மனிதன்’ இன்னொரு கதவு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புக்கூடு. கால்களை மடக்கி, கல்லாயுதங்களும் உணவும் பக்கத்தில் வைத்து, மரியாதையோடு புதைத்திருக்கிறார்கள். அவனுடைய இடக்கை பிறவியிலேயே ஊனப்பட்டது. அந்தக் கையோடு வேட்டைக்காரர்களின் நடுவில் அவன் நடுவயதுவரை வாழ்ந்திருக்கிறான் என்றால் அவனிடம் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். அது என்ன? அறிவியல் அங்கே நின்றுவிடுகிறது. கதை அங்கே தொடங்கலாம். 2012இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் சிறுவர் இலக்கியமும் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முயற்சிகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். கெடாவைச் சேர்ந்த கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற சிறுவர் மர்ம நாவல்களை எழுதினார். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்காக, அவர்கள் பயந்து ரசிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதியவை அவை. தமிழில் பிள்ளைகள் படிப்பதில்லை என்று புலம்புகிற பெரியவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சாகசக் கதை என்ற வடிவத்தைக் கையில் எடுக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டீவன்சனுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1885இல், ரைடர் ஹாகார்டின் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ வந்தது. வரைபடம், புதையல், வெள்ளைக்காரர்கள், அவர்களுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் ஆட்கள். அந்தக் கதைகளின் காலமும் ரப்பர் இங்கே வந்த காலமும் ஒன்றுதான். 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து எழுபதாயிரம் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனதையே ஒரு சாகசக் கதையாகத்தான் அந்த நாட்டில் சொன்னார்கள். அங்கே முளைத்தவற்றில் சில கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூர் வழியாகக் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் நிற்கிறது, சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். அந்தச் சாகசத்தில் நம்முடைய ஆட்கள் வருவது கடைசி அத்தியாயத்தில், மூட்டை தூக்குகிறவர்களாக. அதே வடிவத்தை நாம் எழுதும்போது மூட்டை தூக்கியவரின் பேத்தி முன்னால் நடக்கிறாள். நடப்பவர் மாறினால் கதையில் எல்லாமே மாறியாக வேண்டும். புதையல் யாருடையது என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே வந்துவிடும். கிந்தா பள்ளத்தாக்கில் மண்ணுக்கடியில் உண்மையாகவே புதையல் இருந்தது. ஈயம். உலகத்தின் மிக வளமான ஈய வயல்களில் ஒன்று அது. தோண்டியவர்கள் வேறு, கொண்டுபோனவர்கள் வேறு.

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கெல்லி கோட்டையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் 1915இல் அதைக் கட்டத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கொத்தர்களை வரவழைத்தார், செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்தே வந்தன. ஆறு மாடி உயரக் கோபுரம், அதற்குள் மின்தூக்கிக்கு ஒரு வழி. முதல் உலகப் போரை ஒட்டி வந்த விஷக் காய்ச்சல் வேலையாட்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்க, அவர் கட்டிக்கொடுத்தார். 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்துபோக, கோட்டை முடியாமலே நின்றுவிட்டது. இன்று பள்ளிப் பேருந்துகள் அங்கே வந்து பிள்ளைகளை இறக்குகின்றன. அவர்களுக்குச் சொல்லப்படுவது துரையின் ஆவி நடமாடுகிற கதை, மூடிய சுரங்கப்பாதைகளைப் பற்றிய பேச்சு, நிறைவேறாத பெருங்கனவு.

அந்தக் கோயிலின் கூரையைப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். சுதைத் தெய்வங்களின் வரிசையில், வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக, ஒரு துரை நிற்கிறார். வேலையாட்கள் அவரையும் மேலே ஏற்றிவிட்டார்கள். நன்றியா, பயமா, கொத்தனின் கைக்குத் தோன்றிய வேறு ஏதாவதா? அந்த உருவத்தைச் செய்த கையை மையமாக வைத்து ஒரு சிறுவர் நாவல் எழுதலாம். காய்ச்சலில் அப்பாவை இழந்த பத்து வயதுப் பையன், கொத்தனுக்குச் சாந்து குழைத்துக் கொடுப்பவன். இரவில் கூரையிலிருந்து இறங்கி வருகிற சுதை உருவங்கள். அவை கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவே சுரங்கம் வழியாகப் போய்வரும். அவற்றுள் துரையின் உருவத்துக்கு மட்டும் வழி தெரியாது, பையன்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கோட்டையில் துரையின் ஆவியை மட்டும் அலையவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அங்கே செத்துப்போன கொத்தர்களுக்கும் ஆவி உண்டு.

கற்பனை உலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்பார்கள். எதுவும் நடக்கலாம் என்ற உலகத்தில் எதற்கும் பயமில்லை, ஆகவே கதையும் இல்லை. தமிழர்களுக்கு இது புதிதாகச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அந்த நிலத்துக்கு இன்ன தெய்வம், இன்ன விலங்கு, இன்ன மரம், இன்ன பறை, இன்ன தொழில் என்று கருப்பொருளை அடுக்கி, அந்த நிலத்து மனிதர்க்குரிய உணர்வை உரிப்பொருள் என்றார். ஓர் உலகத்தைக் கட்டி எழுப்ப இதைவிடத் தெளிவான முறை எனக்குத் தெரியாது. கித்தாக் காட்டுக்கு அப்படி எழுதிப் பார்க்கலாம். பொழுது, விடியலுக்கு முந்தைய இருட்டு. மரத்தில் பால் நன்றாக ஓடுகிற நேரம் அதுதான். தெய்வம், உள்ளே மாரி, எல்லையில் முனி. பறை, தப்பும் பெரட்டு மணியும். விலங்கு, உடும்பும் காட்டுப்பன்றியும் மலைப்பாம்பும், மலையடிவாரத் தோட்டமென்றால் புலியும். நீர், அல்லூரும் லம்பமும். தொழில், பால் வெட்டு. உரிப்பொருள் என்று வரும்போது பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு வேறொன்று. பெரியவர்களுக்குப் பிரிவு. கப்பலேறி வந்ததிலிருந்து அதுதான். பிள்ளைகளுக்கு எல்லை தாண்டுதல்.

சட்டங்களையும் அந்த மண்ணே தருகிறது. ஈப்போவுக்குப் பெயர் வந்தது ஒரு மரத்தால். அதன் பால் நஞ்சு. செமாய், தெமியார் முதலிய அஸ்லி மக்கள் அதை ஊதுகுழல் அம்பின் முனையில் தடவி வேட்டையாடினார்கள். உடம்பில் ஏறினால் இதயத்தை நிறுத்திவிடும். ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் அந்த மரம் ஒன்று நிற்கிறது, அதன் நிழலில் நின்று ஆட்கள் வாடகைக் காருக்குக் காத்திருந்திருக்கிறார்கள். அதே வட்டாரத்தில்தான் இன்னொரு மரத்தின் பால் நம் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. கொல்கிற பால், சோறு போடுகிற பால். முதலாவது இங்கேயே பிறந்த மரம், அதன் மேல் கத்தி வைக்கத் தெரிந்தவர்கள் இந்தக் காட்டின் ஆதிக்குடிகள். இரண்டாவது வெளியிலிருந்து வந்த மரம், கத்தி வைத்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள். ஒரு மாயநாட்டுக்கு இதற்கு மேல் என்ன அடித்தளம் வேண்டும்? இரண்டு பாலையும் கலந்தால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நாவல் முழுக்க வரலாம். அதில் ஒரு தெமியார்ச் சிறுமியும் ஒரு தோட்டத்துச் சிறுமியும் நண்பர்களாக இருப்பார்கள். அந்தக் காட்டை அழித்துத்தான் தோட்டம் போட்டார்கள் என்பதும் கதைக்குள் வந்தே தீரும்.

சின்ன விஷயங்களையும் விட்டுவிடக்கூடாது. காய் முற்றுகிற காலத்தில், வெயில் ஏறிய பிறகு, கித்தாக் காட்டுக்குள் நின்றால் தலைக்கு மேல் ‘டப்’ என்று வெடிக்கும். ஒரு காயில் மூன்று விதை, ஓடு தெறித்து மூன்றும் மூன்று திசைக்குப் பறக்கும். உலர்ந்த சருகில் விழுகிற சத்தம் கேட்கும், விழுந்த இடம் தெரியாது. தேடி எடுத்தால் வழவழவென்று, தவிட்டு நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும். கோலம் போட்டதுபோலத் தோன்றும். பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கையால் குத்துவார்கள், உடையாத விதை ஜெயித்தது. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவனின் கையில் வைப்பார்கள், அவன் துள்ளுவான். ஒவ்வொரு விதையின் கோலமும் ஒரு வரைபடம் என்றும், மூன்று விதையும் சேர்ந்தால்தான் வழி தெரியும் என்றும் வைத்துக்கொண்டால், அந்த மூன்றையும் மரமே மூன்று பக்கம் எறிந்துவிட்டது.

ஆபத்தைப் பற்றி எழுதும்போது எனக்குத் தயக்கம் வருவதுண்டு. பேராக் தோட்டங்களில் நடந்தவை கதைக்கு இனிப்பானவை அல்ல. ஜப்பானியர் காலத்தில் தோட்டத்துத் தமிழர்களை சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போகக்கூடாது என்று வேலிவாசலில் சோதனை போட்டார்கள். இவற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? மறைத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. வரலாற்றுப் பாடமாகச் சொல்லிவிடலாம் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது வழியைத்தான் சாகசக் கதை காலங்காலமாகச் செய்துவருகிறது. காணாமல்போன அப்பாவைத் தேடிப் போகிற பிள்ளையின் கதை உலகத்தின் மிகப் பழைய கதைகளில் ஒன்று, ஹோமர் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து அப்பாவை வடக்கே ஏற்றிப்போன வண்டி என்றைக்காவது திரும்பி வரும் என்று காத்திருக்கிற சிறுமி, ஒருநாள் தண்டவாளத்தின்மேல் காதை வைத்துக் கேட்கிறாள். அதிலிருந்து பேச்சுக் குரல் வருகிறது. அவள் கிளம்புகிறாள். வழியில் அவள் காணும் ஊர்கள் வரைபடத்தில் இல்லாதவையாக இருக்கட்டும், பேசும் யானையும் கூட வரட்டும். ஆனால் முடிவில் அப்பா திரும்பிவிடுகிறார் என்று நான் எழுத மாட்டேன். திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் படிப்பார்கள். அவள் கொண்டுவருவது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும். அது என்ன என்பதைக் கண்டுபிடிக்கும்வரை அந்தக் கதையை எழுதத் தொடங்கக்கூடாது.

ஈப்போவைப் பின்னணியாகக் கொண்டு பிரீதா சமரசன் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 2008இல் வந்தது. தலைப்பையே குறுந்தொகைப் பாட்டிலிருந்து எடுத்திருக்கிறார். அதில் ஆஷா என்ற ஆறு வயதுச் சிறுமி வீட்டிலுள்ள ஆவிகளைக் காண்கிறாள். பெரியவர்களுக்கான நாவல் அது. அதைப் படித்தபோது அந்தச் சிறுமிக்குத் தனியாக ஒரு புத்தகம் தர வேண்டும் என்று தோன்றியது, அவள் வயதுக்காரர்கள் படிக்கும்படி, தமிழில்.

இதே மண்ணில் இதைச் செய்துகாட்டியவர் ஒருவர் இருக்கிறார். கோப்பேங் பக்கத்தில் ஒரு கம்பத்தில் 1951இல் பிறந்த முகமட் நோர் காலிட், நம் அனைவருக்கும் லாட். 1979இல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ சித்திர நூலில் மாயமில்லை, மந்திரமில்லை. ஆனாலும் அந்தக் கம்பம் ஒரு முழு உலகம். ஆறு, கித்தாத் தோட்டம், குர்ஆன் வகுப்பு, நண்பர்கள், அதட்டும் அம்மா. அந்த உலகத்தின் ஓரத்தில் ஒரு பெரும் பூதம்: ஈயம் வாரும் கப்பல். பிள்ளைகள் அங்கே திருட்டுத்தனமாக ஈயம் அரிக்கப் போகிறார்கள். கதை முடியும்போது அந்தக் கப்பலின் நிழல் ஊரின்மேலேயே விழத் தொடங்குகிறது. உலகத்தின் பல மொழிகளுக்கு அந்த நூல் போனது. தோட்டத்துப் பிள்ளைக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதை எழுதக்கூடிய நேரம் இப்போது வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளிகளே சேர்ந்து நிலம் வாங்க 1960இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். அவர் சுங்கை சிப்புட்காரர். சில தோட்டங்கள் அப்படித் தப்பின. மற்றவை செம்பனையாயின, வீடமைப்புத் திட்டமாயின, கோல்ப் மைதானமாயின. சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றுள் பல, நகரத்துக்கு இடம் மாறிய பிறகும் பழைய தோட்டத்தின் பெயரையே பலகையில் வைத்திருக்கின்றன. அந்தப் பள்ளிக்கு அடுக்குமாடியிலிருந்து வேனில் வருகிற பிள்ளைக்குத் தோட்டம் என்பது எர்த்சீ அளவுக்குத் தொலைவான நாடு. கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் பெயரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருக்கிறது. இழப்புதான். ஆனாலும் எழுதுகிறவருக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. இனி அது முழுக்கக் கற்பனையால்தான் போய்ச் சேரவேண்டிய இடம்.

பள்ளி விடுமுறையில் ஈப்போப் பக்கம் ஒரு கதைப்பட்டறைக்கு என்னை அழைத்திருந்தார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தஞ்சோங் துவாலாங்கில் நிற்கிற ஈயக்கப்பலின் படத்தைச் சுவரில் ஒட்டினேன். 1938இல் கட்டியது, 4,500 டன் எடை, 1982இல் வேலையை நிறுத்தியது. அது எப்படி இயங்கும் என்று விளக்கினேன். தன் குளத்தைத் தானே தோண்டிக்கொள்ளும். முன்பக்கம் வாளிச் சங்கிலியால் மண்ணை வாரி விழுங்கும், வயிற்றுக்குள் அலசி ஈயத்தை மட்டும் வைத்துக்கொள்ளும், மீதி மண்ணைப் பின்பக்கம் துப்பும். முன்னால் குளம் நீளும், பின்னால் நிலம் மூடும். இப்படியே தன் கடலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு ஊர் ஊராக நகரும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் கேட்டான்: “அது துப்புன மண்ணெல்லாம் இப்ப எங்க சார்?”

உண்மையைச் சொன்னேன். ஈப்போவைச் சுற்றி எத்தனையோ குடியிருப்புத் தாமான்கள் பழைய லம்ப நிலத்தின்மேல் நிற்கின்றன.

“அப்ப எங்க வீடு அது துப்புன மண்ணு மேலயா இருக்கு?”

அதன்பின் எனக்கு வேலையில்லை. கப்பல் தின்ற ஊர்கள் எல்லாம் பின்பக்கம் வரிசை மாறி வெளியே வரும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். பேத்தி முதலில் வருவாள், பாட்டி பிறகு பிறப்பாள். கோயில் தலைகீழாக முளைக்கும், அதற்குள் போக வேண்டுமென்றால் கோபுரத்தின் வழியாக இறங்க வேண்டும். முனியாண்டிக்கு எல்லை எது என்று தெரியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஈயத்தை மட்டும் கப்பல் திருப்பித் தராது, ஆகவே அந்த நாட்டில் யாரிடமும் தகரக் குவளைகூட இருக்காது, மங்கில்தான் தண்ணீர் குடிப்பார்கள். மங்கு என்றால் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். பால் வடியக் கித்தா மரத்தில் கட்டுகிற கிண்ணம் என்று தன் ஆயாவிடம் கேட்டதை வைத்து இன்னொருத்தி விளக்கினாள்.

சண்டை வந்தது கப்பலை ஓட்டுவது யார் என்பதில்தான். ஓட்டுபவரே கிடையாது, அது தானாக ஓடுகிறது, அதனால்தான் நிறுத்த முடியவில்லை என்றாள் ஒருத்தி. முதலில் கேள்வி கேட்ட பையன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் இல்லையென்றால் யாரிடம் போய்க் கேட்பது, யார்மேல் கோபப்படுவது என்றான். உள்ளே ஓட்டுகிறவனும் கப்பல் தின்ற ஏதோ ஓர் ஊரின் பையன்தான், அவனுக்கும் நிறுத்தத் தெரியாது என்று மூன்றாவதாக ஒரு பெண் சொன்னபோது இரண்டு கட்சியும் அவள்மேல் பாய்ந்தன. மாலை வேன் வந்துவிட்டது. இப்போது அந்தக் கதைக்கு மூன்று பிரதிகள் நடக்கின்றன, மூன்று நோட்டில், மூன்று கையெழுத்தில். மூன்றாவது பெண்ணின் நோட்டில் ஓட்டுகிற பையனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எல்லாப் பெயரையும் அடித்துவிட்டு, பழைய தோட்டத்தில் வழங்கிய ஒரு பெயர் வேண்டும் என்று ஆயாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.